மந்தணம் விஸ்வநத்தத்தில் சாப்பிட்டார்

சிவகாசியில் எதை வைத்தாலும் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் வெடித்துவிடும். சரவெடி வெடிக்கும். சும்மா சுற்ற வேண்டிய சங்குசக்கரமும் வெடிக்கும். கல்யாணப் பந்தியில் அப்பளம் வராத மாமனார் வெடிப்பார். பதினோரு வருஷம் அந்த ஊரிலேயே இருந்தும் ஒரு தடவைகூட வெடிக்காமல் ரிட்டயர் ஆன ஒரே வஸ்து, நான் அறிய, மந்தணத்தின் வாய்தான்.

மந்தணம் என்பது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் அல்ல. சென்னை ராஜ்யத்தில் ஆபீஸ் காகிதங்களெல்லாம் தமிழுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. கான்பிடென்ஷியல் என்று சிவப்பு மையில் குத்திக்கொண்டிருந்த ரப்பர் ஸ்டாம்பு போய், 'மந்தணம்' என்று ஒரு புது ஸ்டாம்பு வந்து சேர்ந்தது. அப்படி ஒரு தமிழ் வார்த்தையை, பட்டாசு, தீப்பெட்டிக் கம்பெனிகளைக் கவனிக்கிற எங்கள் சர்க்கார் ஆபீசில் ஒருவரும் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. ஹெட்கிளார்க் அதை மூன்று தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். பிறகு மூலை அறையில் உட்கார்ந்திருந்தவரைக் கையைக் காட்டி, "அந்தா இருக்காகள்ல, அதுதாம்யா அர்த்தம்" என்றார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். சொந்தப் பெயரைத் தெரிந்துகொள்ளலாம் என்று நான் வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன். மண்புழு ஒன்று நெளிந்துகொண்டிருந்தது. அதுதான் கையெழுத்து.

மூலை அறையில் ஒரு இரும்பு பீரோ, ஒரு மேசை, ஒரு மண்பானை, மந்தணம். சட்டத்தின்படியும் ஆபீஸ் விதிகளின்படியும் பொதுஜனம் பார்க்கக் கூடாத காகிதங்கள் எல்லாம் அந்த பீரோவுக்குள் போகும். தொழிற்சாலைகளைப் பற்றிய புகார்கள், சிப்பந்திகளைப் பற்றிய அந்தரங்கக் குறிப்புகள், விபத்து விசாரணை அறிக்கைகள், இது போக மொட்டைக் கடுதாசிகள். அந்த நாளில் எங்கள் ஊரில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களைவிட மொட்டைக் கடுதாசி எழுதத் தெரிந்தவர்கள் அதிகம். ஆகவே மந்தணம் தெருவில் நடந்து போனால் பாதிப் பேர் தங்களைப் பற்றி யார் எழுதினார்கள் என்ற கவலையிலும், மீதிப் பேர் தாங்கள் எழுதியது தெரிந்துவிட்டதோ என்ற கவலையிலும் கும்பிடுவார்கள்.

மனிதர் பீரோவுக்கு உள்ளே இருந்த சட்டத்தை வெளியேயும் கொண்டு வந்துவிட்டார் என்பதுதான் விஷயம். மணி என்ன என்று கேட்டால் தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். பார்த்துவிட்டு, "ஆபீஸ் கடியாரத்துல பாத்துக்கோங்க" என்பார். மத்தியானம் டிபன் பாக்ஸ் மூடியைப் பாதி திறந்து, உள்ளே கையை விட்டுச் சாப்பிடுவார். அவர் என்ன கொண்டு வந்தார் என்று கண்டுபிடிக்க நானும் இன்னொரு குமாஸ்தாவும் ஒரு மாதம் பந்தயம் கட்டி மோப்பம் பிடித்தோம். கருவாடு இல்லை என்பதற்கு மேல் தெரியவில்லை. ஒரு தடவை காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். நர்சம்மா எங்கே வலிக்கிறது என்று கேட்டதற்கு, அதை எந்தப் புத்தகத்தில் எழுதுவீர்கள், அந்தப் புத்தகத்தை யார் யார் பார்ப்பார்கள் என்று விசாரித்திருக்கிறார். அந்தம்மா இருபது வருஷ சர்வீஸ், ஞாயிறு தவறாமல் சர்ச்சில் பாட்டுப் பாடுகிறவர், பொறுமைக்குப் பேர் போனவர். "பேசவே வேண்டாம் சார், வலிக்கிற இடத்துல கைய வைங்க" என்று கெஞ்சினாராம்.

அவர் என்ன சாதி, என்ன வேதம் என்றுகூட யாருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயில் வாசல் வழியாக ஒரே வேகத்தில் நடப்பார், ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசல் வழியாகவும் அதே வேகத்தில் நடப்பார். எங்கள் பக்கத்தில் சாதி தெரியாமல் ஒருவர் பதினோரு வருஷம் குடியிருந்துவிட்டுப் போனார் என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். இது சத்தியம்.

இதெல்லாம் பிறவிக் கிறுக்கு என்றுதான் நானும் நினைத்தேன். பிறகுதான் ஊரும் அதற்கு உடந்தை என்று தெரிந்தது. மந்தணம் வாயைத் திறக்க மாட்டார் என்று ஆன பிறகு, ஊர் அவருடைய மற்ற அவயவங்களைப் படிக்க ஆரம்பித்துவிட்டது. வந்த புதிதில் அவர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினார். சாயங்காலத்துக்குள் எதிர்க்கடைக்காரன் மேல் கேஸ் வரப்போகிறது என்று பேச்சாகிவிட்டது. ஒரு பட்டாசுக் கம்பெனி வாசலில் நாய்க்குட்டி ஒன்று தன் வாலைத் தானே துரத்திக்கொண்டிருந்ததைப் பார்த்துச் சிரித்தார். முதலாளி தன் லைசென்ஸ் பாஸாகிவிட்டது என்று ஆபீஸ் முழுதுக்கும் லட்டு அனுப்பினார். இன்னொரு கம்பெனி வாசலில் பாவம், தும்மிவிட்டார். அந்த முதலாளி சீசன் நேரத்தில் வேலையை நிறுத்தி, ஆள்களை வீட்டுக்கு அனுப்பி, வெடிமருந்து அறையைக் கழுவிவிட்டார்.

மந்தணம் யோசித்தார். தன் முகமும் ஒரு அரசாங்க ஆவணம் என்று முடிவுக்கு வந்தார். அதற்குப் பிறகு உள்ளூரில் ஒரு கடையில் ஒரு சாமான் வாங்கியதில்லை. யாரையும் பார்த்துச் சிரித்ததில்லை. கல்யாணம், காதுகுத்து, சாவு எதற்கும் போனதில்லை. ஒரு வீட்டில் உட்கார்ந்து ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. அச்சாபீசுக்கு மேலே ஒரு ஒற்றை அறை. கீழே காலண்டர் ஓடும் மிஷின் சத்தம், மேலே அவர். எப்போது பார்த்தாலும் ஜன்னல் சாத்தியிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் விருதுநகருக்குப் போயிருந்தேன். மொத்தக் கடைகள் இருக்கும் தெருவில், வத்தல் மூட்டைகளுக்கு நடுவே, கணீரென்று ஒரு குரல் கேட்டது. இது என்ன ஊர் வத்தல், காரம் எம்புட்டு நிக்கும், போன வருசத்துக்கு இது தேவலையா என்று ஒரு ஆள் கடைக்காரரைப் போட்டுக் குடைந்துகொண்டிருந்தார். அடுத்த கடைக்குப் போய் மல்லியைப் பற்றிக் கேட்டார். அதற்கடுத்த கடையில் துவரம்பருப்பு. எதையும் வாங்கவில்லை. கடைக்காரர் ஏதோ வேடிக்கை சொல்ல, தோள் குலுங்கச் சிரித்தார். திரும்பியபோதுதான் பார்த்தேன், நம்ம மந்தணம். அவரைத் தெரிந்தவர்கள் இல்லாத ஊருக்கு வாரத்துக்கு ஒரு நாள் பஸ் ஏறி வந்து, வத்தலைப் பற்றி வயிறு நிறையப் பேசிவிட்டுப் போகிறார். என்னைக் கண்டதும் அந்த முகம் அப்படியே மூடிக்கொண்டது. மறுநாள் ஆபீசில் இரண்டு பேரும் ஒன்றும் நடக்காதது மாதிரி உட்கார்ந்திருந்தோம். ஊர்வம்பைப் பேசியே வளர்ந்த நான், அந்த ஒரு விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. மனசு வரவில்லை.

இந்த நிலையில்தான் சீனியம்மாள் வந்தாள்.

விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிற ஷெட் வெடித்து நாலு பேர் செத்துப்போனார்கள். அதில் ஒருவன் காளிமுத்து, அவளுடைய புருஷன். அடக்கம் முடிவதற்குள்ளேயே, காளிமுத்து ஷெட்டுக்குள் பீடி பற்ற வைத்தான், அதனால்தான் வெடித்தது என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. யார் கிளப்பியது என்று தெரியாது. செத்தவன் எழுந்து வந்து இல்லை என்று சொல்லவா போகிறான். மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் அதே தெரு. அன்றையிலிருந்து சீனியம்மாள் வீட்டு வாசலை யாரும் மிதிக்கவில்லை. அவள் குழாயடிக்கு வந்தால் மற்றப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிற வேலைக்குப் போனாள். பக்கத்தில் உட்கார மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

பெரிய ஆபீசர் ஒருவர் வந்து விசாரணை நடத்தினார். அறிக்கை அரக்கு சீல் வைத்த உறையில் வந்தது. மந்தணம் அதை வாங்கி, பதிந்து, பீரோவில் வைத்துப் பூட்டினார்.

நகல் கேட்டு சீனியம்மாளுக்கு மனு எழுதிக் கொடுத்தது நான்தான். ஸ்டாம்பும் ஒட்டிக் கொடுத்தேன். நகல் வழங்க விதியில் இடமில்லை என்று ஒரு வரியில் திரும்பி வந்தது. படிக்கத் தெரியாத அவளுக்கு நானே அதைப் படித்தும் காட்டினேன். அதற்கப்புறம் அவள் என்னிடம் வரவில்லை. வாரா வாரம் சந்தை நாளில் மூலை அறை வாசலில் வந்து நிற்பாள். மந்தணம் காகிதத்திலிருந்து தலையைத் தூக்க மாட்டார். ஒரு நாள் அவள் பேசினாள்.

"எனக்குக் காயிதம் வேண்டாம் சாமி. பீடின்னு அதுல எழுதியிருக்கா, இல்லையா? அது மட்டும் சொல்லுங்க."

"சொல்லக் கூடாது தாயி. சட்டம்."

"வாயால சொல்ல வேண்டாம். தலைய ஆட்டுங்க, போதும். நான் பாத்துக்கிட்டுப் போயிருதேன்."

மந்தணம் என்ன செய்தார் தெரியுமா? இரண்டு முழங்கைகளையும் மேசையில் ஊன்றி, தன் தலையை இரண்டு கைகளாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தப்பித் தவறி ஆடிவிடக் கூடாதாம். நான் வெளியே நின்று சிரித்துவிட்டேன். பிறகு அவர் கண்ணைப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. அவள் ரொம்ப நேரம் நின்றாள். அவர் ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் அவள், "வார புதன்கிழமை அவுகளுக்கு வருசத் தெவசம். தெருவுல எல்லாத்தையும் கூப்பிட்டேன், ஒருத்தரும் வாரேன்னு சொல்லல. நீங்க வருவீகளா?" என்றாள். மந்தணம் தலையை விடவில்லை. "சாப்பிடக் கூடாதுன்னும் சட்டத்துல இருக்கா சாமி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

புதன்கிழமை காலையில் மந்தணம் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தார். காரணம், சொந்த வேலை. ஹெட்கிளார்க் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மந்தணத்துக்குச் சொந்தத்தில் ஒரு வேலை இருக்கும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பல்வலி என்று பொய் சொல்லி, சைக்கிளை எடுத்துக்கொண்டு விஸ்வநத்தத்துக்கு மிதித்தேன்.

அவர் நடந்தே வந்திருந்தார். உச்சி வெயில், கோட்டு வேறு. தெருவுக்குள் நுழைந்ததும் முதல் வீட்டு வாசலில் நின்று, "காளிமுத்து வீடு எது?" என்று கேட்டார். காட்டினார்கள். நாலு வீடு தள்ளிப் போய் மறுபடி நின்று அதையே கேட்டார். இப்படியே ஆறு வீட்டில் விசாரித்தார். கண்ணுக்கு முன்னால் இருக்கிற வீட்டுக்கு எதற்கு இத்தனை விசாரணை என்று நான் வேப்பமரத்துக்குப் பின்னால் நின்று முழித்தேன். அதற்குள் தெருவில் அத்தனை கதவும் திறந்துவிட்டது.

சீனியம்மாள் வாசலுக்கு ஓடி வந்தாள். உள்ளே வரச் சொன்னாள். "உள்ள வெக்கையா இருக்கும் தாயி. இங்கன வாசல்லயே இலையப் போடுங்க" என்றார் மந்தணம். கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, தெருவைப் பார்த்தபடி சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எங்கள் ஆபீஸ் ஆள்கள் அந்தத் தெருவில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள். அதற்கான காரணம் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை, ஆனால் எல்லாரும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். நான் உட்பட.

அவர் சாப்பிட்டார். டிபன் பாக்ஸுக்குள் கையை விட்டுத் திருட்டுத்தனமாகச் சாப்பிடுகிறவர், அன்றைக்கு ஊர் பார்க்கச் சாப்பிட்டார். சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை சோறு கேட்டு வாங்கினார். "கத்திரிக்காய் நல்லா இருக்கு, இன்னுங் கொஞ்சம் வைங்க" என்று தெருக்கோடிக்குக் கேட்கிற குரலில் சொன்னார். அவள் சட்டியையே வாசலுக்குக் கொண்டு வந்துவிட்டாள்.

தெரு அவரைப் படித்தது. பீரோவில் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒரே மனுஷன், எந்த வீட்டிலும் கை நனைக்காதவன், காளிமுத்து வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்றால் என்ன அர்த்தம்? யாரும் யாரிடமும் கேட்கவில்லை. முதலில் வந்தவர் சுப்பையா. அதே ஷெட்டில் தன் ஒரே மகனைப் பறிகொடுத்தவர். வாசலில் இருந்த செம்பை எடுத்துக் காலைக் கழுவினார். மந்தணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "எனக்கும் ஒரு இலையப் போடு, தாயி" என்றார். சீனியம்மாள் இலையைப் போட்டுவிட்டு, முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் இலை போதவில்லை. என்னைத்தான் சைக்கிளில் அனுப்பி வாங்கி வரச் சொன்னார்கள்.

என் பொய்ப் பல்வலி உட்பட எல்லாம் மறுநாளே ஆபீசுக்குத் தெரிந்துவிட்டது. அங்கே ஒரே அமளி. மந்தண ஆவணத்தின் உள்ளடக்கத்தைத் தன் செய்கையால் பொதுமக்களுக்கு வெளிப்படுத்தியதற்காக ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று மந்தணத்துக்கு மெமோ போனது. அவருடைய பதில் இரண்டே வார்த்தை: பசித்தது, சாப்பிட்டேன். ஹெட்கிளார்க்குக்குக் கோபம் வந்து, சாப்பிட வேறு இடமே இல்லையா என்று இன்னொரு மெமோ போட்டார். அந்தப் பதிலை நான்தான் கோப்பில் வைத்துத் தைத்தேன். 'இந்த ஊருக்கு வந்து ஒன்பது வருஷமாகிறது. இதுவரை என்னைச் சாப்பிடக் கூப்பிட்டவர் மேற்படியார் ஒருவரே' என்று எழுதி, கீழே மண்புழுவை நெளியவிட்டிருந்தார். ஹெட்கிளார்க் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூன்றாவது மெமோ போடவில்லை.

நடவடிக்கையும் நகரவில்லை. அவர் வெளிப்படுத்தினார் என்று நிரூபிக்க வேண்டுமானால், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பார்க்க வேண்டுமானால் சென்னையிலிருந்து அனுமதி வர வேண்டும். அனுமதி கேட்டு எழுதினால், எதற்குக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டும். ஒரு குமாஸ்தா தெவசத்தில் கத்திரிக்காய் சாப்பிட்டார் என்று சர்க்காருக்கு எழுத எந்த ஆபீசருக்கும் துணிச்சல் வரவில்லை. எச்சரிக்கப்பட்டார் என்று ஒரு வரி எழுதி முடித்துவிட்டார்கள். சீனியம்மாள் மறுபடி குச்சி அடுக்கப் போனாள், பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்து மந்தணம் ரிட்டயர் ஆனார். பீரோவை என்னிடம் ஒப்படைக்கச் சொன்னார்கள். அவர் பட்டியலைப் படிக்க, நான் ஒவ்வொரு உறையாக எடுத்து, சரி என்று கையெழுத்துப் போட வேண்டும். விஸ்வநத்தம் உறை வந்தது. திருப்பிப் பார்த்தேன். விசாரணை ஆபீசரின் அரக்கு சீல் விரிசல்கூட இல்லாமல் அப்படியே இருந்தது. மற்ற உறைகளையும் அவசர அவசரமாகத் திருப்பினேன். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"சார், இதுல என்ன எழுதியிருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு எப்படித் தெரியும்? சீல் இருக்குல்ல."

பதினோரு வருஷமாக ஊரே நடுங்கிக் கும்பிட்ட மனுஷனுக்கு ஒரு வரிகூடத் தெரியாது. "அப்போ, பீடின்னே இதுல எழுதியிருந்தா?" என்று கேட்டேன்.

மந்தணம் யோசித்தார். "இருக்கலாம். அதுக்கு அந்தம்மா ஆக்குன சோறு என்ன பண்ணுச்சு?" என்றார். பிறகு, "அடுத்ததைப் பாருங்க" என்று பட்டியலில் அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

நான் அந்த உறையைப் பிரிக்கவில்லை. சட்டத்துக்குப் பயந்து அல்ல. எனக்கு வேறு ஒரு வெட்கம் பிடித்துக்கொண்டது. ஒன்பது வருஷத்தில் கூப்பிட்டவர் ஒருவரே என்று அவர் எழுதியதை என் கையால் தைத்து வைத்தவன் நான். அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் ஓடிவிட்டது. எனக்குக் கல்யாணமாகி, ஆபீசுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அவர் மூட்டை கட்டி வைத்துவிட்டார், சாயங்கால ரயிலில் தென்காசிப் பக்கம் போகிறார். பூட்டைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொண்டு, "சார், மத்தியானம் நம்ம வீட்டுல சாப்பிடுங்க" என்றேன். எனக்கே குரல் சின்னதாகக் கேட்டது. அவர் என்னைப் பார்த்தார். கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

வந்தார். சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்து வெற்றிலையை எடுத்தவர் பேச ஆரம்பித்தார். பிறந்த ஊர், அப்பா, அம்மா, எதற்காகக் கல்யாணம் வேண்டாம் என்று இருந்தார், எல்லாம் சொன்னார். அவற்றை இங்கே எழுத மாட்டேன், கேட்காதீர்கள். என் மனைவி அடுப்படி வேலையைப் போட்டுவிட்டு வந்து கதவோரம் உட்கார்ந்துகொண்டாள். இம்புட்டு நல்லாப் பேசுத மனுசரை ஒரு நாளாவது கூட்டிக்கிட்டு வந்தீகளா என்று என்னைப் பார்வையாலேயே திட்டினாள். வெயில் தாழ்ந்து, வாசலில் நிழல் நீண்டுவிட்டது. அவருக்கு முன்னால் சுவர்க்கடிகாரம் இருந்தது, அவர் அதைப் பார்க்கவில்லை. ரயில் கூவிக்கொண்டு போனது எனக்குக் கேட்டது. நான் அவருக்கு நினைவுபடுத்தவில்லை.